என் வாயில் நடந்த தலைமைப் பயிற்சி

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இந்த வீட்டில் என் வாயைத் தவிர எல்லாம் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை, சனிக்கிழமைகளில் விடுதியிலிருந்து இங்கே சாப்பிட வரும் உன் மகளிடம் விசாரித்துக்கொள்கிறோம். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். பல் இல்லாமல் நான் போனில் பேசினால் நீ சிரிக்கிறாய். போன தடவை நான் பாதி சொல்வதற்குள் போனை உன் மனைவியிடம் கொடுத்து அவளையும் சிரிக்க வைத்தாய். அதோடு, போனில் பேசினால் உன் அக்கா காதில் விழும். விழுந்தால் உடனே இந்த வீட்டில் கலந்துரையாடல் நடக்கும். அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்கு ஈறு வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் பல் மருத்துவம் படித்து முடித்தபோது, உன் கிளினிக்கில் உன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன் என்று நீ சொன்னாய். அவள் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றாள். நானும், வாத்தியார் வேலை மரியாதையான வேலை, அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடு மச்சான் என்று உன்னிடம் பெரிய மனுஷனாட்டம் பேசினேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நாற்காலி இன்னும் காலியாக இருந்தால் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடு, சீக்கிரம். அவள் வேலையை நிரந்தரமாக்கலாமா, வீட்டுக்கு அனுப்பலாமா என்று அவள் துறைத் தலைவர் கல்லூரிக்குச் சொல்ல வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. அவர் என்ன சொல்வார் என்பது எனக்கு இப்போதே தெரியும். காரியம் கெட்டது என் மூக்குக்கு நேரே.

எல்லாவற்றுக்கும் காரணம் தலைமைப் பயிற்சி. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியர்களை எல்லாம் பிடித்து, நாளைக்குத் துறையை நடத்தப்போவது நீங்கள்தான், ஆகவே இன்றைக்கே தலைவர்கள் ஆகுங்கள் என்று கல்லூரியில் ஒரு பயிற்சியில் போட்டுவிட்டார்கள். வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா வருகிறார். குரலே உயராத அம்மா. நான் ஆயுசில் பாதியை பஸ் டிப்போ மேற்பார்வையில் கழித்தவன். என் தலைமை முழுவதும் கழுத்தில் தொங்கிய விசிலில் இருந்தது. அதை ஊதினால் டிரைவர் டீயைக் கீழே வைப்பான், கண்டக்டர் ஓடி வருவான், வண்டி கிளம்பும். இதை மகளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க விசில் ஊதாத அன்னைக்கு வண்டி கிளம்புச்சாப்பா?” என்றாள். கிளம்பாது. அதற்குத்தானே விசில்? இதெல்லாம் ஒரு கேள்வியா, நீயே சொல்.

கல்லூரியோடு நின்றிருந்தால் நான் ஏன் உன்னைத் தொந்தரவு செய்கிறேன். வீட்டுப்பாடம் வேறு கொடுத்து அனுப்பினார்கள். முதல் வாரம், எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பார்த்துச் சமையலறைக் குழாய் ஒழுகியது. பிளம்பருக்கு ஒரு போன் போடு என்று மகளிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த போனைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, என் கண்ணையே பார்த்து, குழாய் ஒழுகுவது உங்களுக்குக் கவலையாக இருக்கிறது என்கிறீர்கள் என்றாள். ஆமாம் என்றேன். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று நினைக்கிறீர்கள் என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் என் பேச்சை ஒருவரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. டிப்போவில் எனக்குக் கிடைக்காமல் போன பதவி உயர்வு வரைக்கும் மனம் விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது. கடைசியில் உன் அக்காதான் எங்கள் இருவரையும் காலைத் தூக்கச் சொல்லித் துடைத்தாள்.

அடுத்த வாரம், குறை சொல்வது எப்படி என்று பாடம். முன்னால் ஒரு நல்ல வார்த்தை, நடுவில் குறை, பின்னால் இன்னொரு நல்ல வார்த்தையாம். நீங்கள் நேரத்தோடு குளிக்கிறீர்கள் என்றாள். ஈரத் துண்டை என் மேசைமேல் போடுகிறீர்கள் என்றாள். துண்டை நன்றாகப் பிழிகிறீர்கள் என்றாள். திட்டினாளா, பாராட்டினாளா என்று பகல் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். இதை உன் அக்கா கப்பென்று பிடித்துக்கொண்டாள். இப்போது அவள் என்னைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று ஈரத் துண்டைத் தேட ஆரம்பிக்கிறேன்.

இந்த லட்சணத்தில்தான் உன் போன் வந்தது. முழு பல் செட் ஒன்றைத் தன் கையால் செய்து முடித்தால்தான் உன் மகள் பரீட்சை எழுத முடியும், அதற்குப் பல் இல்லாத ஆளை மாணவர்களே தேடிப் பிடித்து வர வேண்டும், ஒரு கேஸும் சிக்கவில்லை, உங்கள் வாயைக் கொஞ்சம் கொடுங்கள் அத்தான் என்றாய். கடன் கேட்டால்கூட இவ்வளவு உரிமையாக யாரும் கேட்க மாட்டார்கள். மேலே எனக்கு ஏற்கெனவே மொட்டை. கீழே ஆடிக்கொண்டிருந்த சொச்சத்தையும் உன் மகளுக்காகப் பிடுங்கிக்கொண்டேன். மருமகள் முறை, மறுக்க முடியுமா? போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, உன் மகள் இருக்கும் குழுவுக்கு மேற்பார்வை என் மகள் என்று. ஒருத்தி வைத்தியம் பார்க்கிறாள், ஒருத்தி மேற்பார்வை பார்க்கிறாள், நடுவில் என் வாய் திறந்தபடி கிடக்கிறது. வீட்டில் உன் மகளை வாடி போடி என்று கூப்பிடுகிற என் மகள் அங்கே “வாங்க டாக்டர்” என்கிறாள். என்னை “நோயாளி” என்கிறாள். பெற்ற அப்பனை.

அந்த நேரம் பார்த்துப் பயிற்சியில் பெரிய பாடம் வந்து சேர்ந்தது. ஒவ்வொருவரும் தன்னிடம் இருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தை விட வேண்டும். இளம் ஆசிரியர்களுக்கு இருக்கும் பெரிய வியாதி என்ன தெரியுமா? மாணவன் தடுமாறினால் பொறுமை இல்லாமல் கருவியை அவன் கையிலிருந்து வாங்கித் தானே செய்துவிடுவது. வேலை முடிந்துவிடும், மாணவன் மரமாக நிற்பான். என் மகளுக்கு அந்த வியாதி முற்றியிருந்ததாம். ஆகவே இனி நோயாளிக்கு ஆபத்து என்றால் ஒழியக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பாள், கேள்வி மட்டும்தான் கேட்பாள். பயிற்சியாளர் அம்மா ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார். சோதனைக்குக் கிடைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் ஈறுக்கு அளவு எடுத்தார்கள். உனக்குத் தெரியாததா, மாவைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் வழித்து வாயில் அழுத்துவது. உன் மகள் முதலில் குழைத்தது கிண்ணத்திலேயே இறுகிவிட்டது. அதைப் பார்த்து என் மகள் ஏன் இறுகியது என்று கேட்டாள். இருவரும் ஆற அமரப் பேசினார்கள். இரண்டாம் தடவை பயத்தில் தண்ணீரை அதிகம் ஊற்றிவிட்டாள் போல. தட்டு வாய்க்குள் போனதும் மாவு வழிந்து தொண்டைப் பக்கம் இறங்க ஆரம்பித்தது. எனக்குக் குமட்டல். கண்ணில் தண்ணீர். காலை உதைக்கிறேன், துப்பும் தொட்டியில் கால் பட்டு அது சுற்றுகிறது. என் மகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “நோயாளிக்கு இப்ப என்ன நடக்குதுன்னு நினைக்கிறீங்க?” என்று கேட்கிறாள். உன் மகள் என்னை நன்றாகப் பார்த்தாள். “அவருக்கு அசௌகரியமா இருக்கு மேடம்” என்றாள். “நல்லா கவனிச்சீங்க. அடுத்து என்ன செய்யலாம்?” நான் சாவதா வேண்டாமா என்று அங்கே பரீட்சை நடந்துகொண்டிருந்தது மச்சான். கடைசியில் உன் மகளுக்கே தோன்றி, நாற்காலியை நிமிர்த்தி, என்னைக் குனிய வைத்து, மூக்கால் மூச்சு விடச் சொன்னாள். பிழைத்தேன். அளவு பிரமாதமாக வந்ததாம். பயிற்சியாளர் அம்மா புன்னகை செய்தார்.

அடுத்தது கடி அளவு. மேலும் கீழும் மெழுகில் மேடு கட்டி வாயில் வைத்து மூடச் சொல்வார்கள். எப்படி மூடுகிறோமோ அதைப் பார்த்துத்தான் பல்லை அடுக்குவார்கள். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் உன் மகள், நாக்கை மடித்துப் பின்னால் அண்ணத்தைத் தொட்டபடி மூடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பாள். நான் மாமா ஆயிற்றே. என் எதிரில் நாற்காலியில்கூடச் சாய்ந்து உட்காராத பிள்ளை, என்னைப் போய் நாக்கை மடி என்று எப்படி அதிகாரம் பண்ணும்? உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிக் கடிங்க மாமா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தது. நானாவது சும்மா இருந்திருக்கலாம். பாவம், பிள்ளைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, மேசை டிராயரை இழுத்துக் காட்டுகிற மாதிரி கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக் கடித்துக் காட்டினேன். நான் மரியாதை பார்க்க, அவள் மரியாதை பார்க்க, கடி கோணிவிட்டது.

என் மகள் வந்து பார்த்தாள். ஒரு நொடி அவள் கண் சுருங்கியதை நான் கவனித்தேன். பெற்றவனுக்குத் தெரியாதா? இந்தக் கடியை நீங்கள் நம்புகிறீர்களா என்று உன் மகளைக் கேட்டாள். நம்புகிறேன் என்றாள். எதை வைத்து என்றாள் என் மகள். “மாமா பொய் சொல்ல மாட்டார் மேடம்” என்றாள் உன் மகள். அடுத்த நாற்காலியில் வாயைத் திறந்து கிடந்த ஆள்கூடச் சிரித்துவிட்டார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை, சரி, மேலே செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன், ஏன் அப்படிப் பார்த்தாய் என்று. கடி தப்பு என்று சாவகாசமாகச் சொல்கிறாள். தெரிந்துமா விட்டாய் என்று குதித்தேன். பல் மெழுகில் நிற்கிற வரைக்கும் எதையும் திருத்திக்கொள்ளலாம், அவளே கண்டுபிடித்தால் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள், நான் சொன்னால் பரீட்சையோடு போய்விடும் என்றாள். அதெல்லாம் சரி, அது என் மூஞ்சி என்றேன். உங்களுக்கு அது வருத்தமாக இருக்கிறது என்கிறீர்கள் என்று ஆரம்பித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

இப்போதுதான் முக்கியமான இடம், கவனமாகப் படி. நேற்று மெழுகில் அடுக்கிய பல்லை வாயில் வைத்துப் பார்க்கும் நாள். கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். மேல் வரிசை ஒரு பக்கம் புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, கீழ் வரிசை பின்னால் நின்றுவிட்டது. நடுவில் ஒரு விரல் போகும். உன் மகள் என் வாயைப் பார்க்கிறாள், தன் மெழுகைப் பார்க்கிறாள், முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் உள்ளே வந்தார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே மாணவர்கள் நிமிர்ந்துகொள்கிறார்கள். பிரமாதமான கைக்காரர், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவர் கை மெதுவாக ஓடுவதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. வாங்கி, கண்மூடித் திறப்பதற்குள் முடித்துக் கையில் கொடுத்துவிடுவார். பிள்ளைகள் அதைத் தங்கள் வேலை என்று காட்டி மதிப்பெண் வாங்கிக்கொள்வார்கள். அங்கே காலங்காலமாக நடைமுறையே அதுதானாம்.

வந்தார், என் வாயைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், கையுறையை மாட்டிக்கொண்டு, நகரும்மா என்று உன் மகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் வாய்க்கு நேரே கையை நீட்டினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கோயில் கட்டிக் கும்பிடலாம் போலத் தோன்றியது. அப்போது என் மகள் அவர் கைக்கும் என் வாய்க்கும் நடுவில் வந்து நின்றாள். “சார், இது அவங்க கேஸ். அவங்க யோசிச்சுட்டு இருக்காங்க. கொஞ்சம் கையைப் பின்னால கட்டிக்கங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. கும்பிட்டும் கேட்கவில்லை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வரைக்கும் எல்லா நாற்காலியிலும் வேலை நின்றுவிட்டது. அவர் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. அவர் முகத்தை நான் கீழேயிருந்து பார்க்கிறேன், மூக்குத் துவாரம் இரண்டும் விரிந்திருந்தன. பிறகு, நம்ப மாட்டாய், அந்தக் கை மெல்ல இறங்கிப் பின்னால் போயிற்று.

உன் மகளுக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. என் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். “மாமா, அன்னைக்கு எனக்கு உதவி பண்றதா நினைச்சுத் தாடையை முன்னால தள்ளிட்டீங்க. தப்பு என்னோடதுதான், நான் சரியாச் சொல்லல. இப்ப நாக்கைப் பின்னால மடிங்க. நான் சொல்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது” என்றாள். நான் டிப்போவில்கூட யாரையும் அப்படி மிரட்டியதில்லை. பேசாமல் மடித்தேன். கடியை மறுபடி எடுத்தாள். துறைத் தலைவர் அது முடிகிற வரைக்கும் நின்று பார்த்தார். கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கையுறை விழுந்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, என் மகள் வேலை போச்சு. அத்தனை மாணவர்கள் முன்னால் துறைத் தலைவரைக் கையைக் கட்டச் சொன்னவளை எந்தக் கல்லூரி வைத்துக்கொள்ளும்? வழியெல்லாம் கேட்டேன், உனக்குப் பயமாக இல்லையா என்று. “பயமாத்தான்பா இருக்கு” என்றாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை மச்சான். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். அவர்கள் வெளியே போ என்று சொல்வதற்கு முன்னால், நீ கூப்பிட்டாய், அதனால் தானாக விலகினாள் என்று இருக்கட்டும். அவளிடம் நான் எழுதியதாகச் சொல்லாதே. உன் அக்காவிடம் சொல்லவே சொல்லாதே. நாற்காலியைத் துடைத்து வை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். உன் கிளினிக்குக்கு வருகிற அத்தனை பேரும் வாய் கொள்ளாத பல்லோடு நெடுங்காலம் வாழட்டும், உன் பிழைப்பு கெடாத அளவுக்கு.

குழைந்த சோற்றில் உயிர் வாழும்,
உன் அக்கா வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இதை எழுதிச் சட்டைப்பையில் வைத்தவன் தபாலில் போட மறந்துவிட்டேன். உன் அக்கா துவைக்கப் போட்டபோது எடுத்துக் கொடுத்தாள், உறையைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். என் கையெழுத்து அழகாக இருக்கிறது, எனக்கு மூளை இல்லை, உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன் என்று சொன்னாள். மேலே எழுதியது எதையும் நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள். துறைத் தலைவர் என் மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அன்றைக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லையம்மா என்றாராம். அதே மூச்சில், உன்னை நிரந்தரமாக்கச் சொல்லிவிட்டேன் என்றும் சொன்னாராம். இப்போது கோட்டுப் பையில் இரண்டு கையையும் திணித்துக்கொண்டுதான் சுற்றுகிறார். அவ்வப்போது ஒரு கை வெளியே வருகிறது, என் மகள் பார்த்தால் உள்ளே போய்விடுகிறது. பல்லும் வந்துவிட்டது. நேற்று வேர்க்கடலை தின்றேன்.

நாற்காலி சும்மா கிடக்குமே என்று, சனிக்கிழமை என் ஈறில் புண் இருக்கிறதா என்று பார்க்க வந்த உன் மகளிடம், படிப்பு முடிந்ததும் நீ போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளம்மா என்றேன். கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டாள். “லீவுக்குப் போறப்ப எல்லாம் கிளினிக்ல அப்பாவுக்கு மெழுகு வேலை செய்வேன் மாமா. ஒண்ணைக்கூட நான் முழுசா முடிச்சதில்ல. பாதியில அப்பா என் கையிலேர்ந்து வாங்கிடுவார். நான் முதல்ல முழுசா முடிச்சது உங்க பல்தான்” என்றாள். படித்துவிட்டு இங்கேயே சொல்லிக்கொடுக்க வரப்போகிறாளாம். அதை உன்னிடம் நான் சொல்ல வேண்டுமாம். சொல்லிவிட்டேன். நீ ஆசையில்தான் அவள் கையிலிருந்து வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் உன்னிடம் நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறாள். நீயாகவே கேட்டுவிடு.